பாண்ட் வாத்தியக் குழுவிற் பழைய பாட்டுகள்

அவுஸ்திரேலியாவிற் கல்வி பயிலும் எமது பிள்ளைகளிற் பலர், வார நாட்களிற் புத்தகப் பையோடு இன்னுமொரு பெட்டியையும் சுமந்து செல்கின்றனர். சிலரது பெட்டி சிறியது. உள்ளே புல்லாங்குழலோ கிளாரினெற்றோ இருக்கும். வேறு சிலரது பெட்டியோ சுமப்பவரின் தோளுயரத்தை எட்டும். பாடசாலை மணி அடிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே இவர்கள் மண்டபத்திற் கூடி, ‘கொன்சேற் பாண்ட்’ எனப்படும் ஊதுவாத்தியக் குழுவிற் பயிற்சி பெறுகின்றனர். ஆண்டிறுதிக் கச்சேரியில் இவர்கள் வாசிப்பவற்றுட் கணிசமானவை, பெற்றோரும் பாட்டனாரும் தம் இளமையில் வானொலியிற் கேட்ட ஆங்கிலப் பாட்டுகளே. பீற்றில்ஸ், அபா, குயீன், ஸ்டீவி வொண்டர் முதலியோர் பாடிப் புகழ் பெற்றவை அவை.

குரலுக்கும் கிற்றாருக்குமாகப் பிறந்த ஒரு பாட்டு, ஐம்பது அறுபது பிள்ளைகள் சேர்ந்து ஊதும் குழுவுக்கென மாற்றி எழுதப்படும்போது அதற்கு என்ன நேர்கின்றது? அதில் ஒவ்வொரு பிள்ளையின் பங்கும் யாது? இவற்றை நோக்குவதே இப்பாடத்தின் எல்லையாகும். மேலைத்தேய இசையை முறையாகக் கற்காத பெற்றோரும் விளங்கிக்கொள்ளுமாறு, இயன்றவிடத்து எமது இசையின் சொற்களையே பயன்படுத்துகின்றோம்.

கொன்சேற் பாண்டில் வயலின் இல்லை. வயலின் குடும்பம் முன்னின்று நடத்தும் ‘ஓக்கெஸ்ட்ரா’வுக்கும் இதற்குமுள்ள முதல் வேறுபாடு இதுவே. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற், பசூன், சக்சபோன் என்பன இங்கு மரக்குழற் குடும்பம். சக்சபோன் பித்தளையாற் செய்யப்பட்டதாயிற்றே எனச் சிலர் வினவக்கூடும். நாதஸ்வரத்துக்குப் போல அதற்கும் சீவாளி உண்டு. ஆதலின் அது இக்குடும்பத்தையே சேரும். ட்ரம்பெற், ஹோர்ன், ட்ரொம்போன், யூபோனியம், ரியூபா என்பன பித்தளைக் குடும்பம். இவற்றின் பின்னே தோற்கருவிகளும் தட்டுக்கருவிகளும் நிற்கும். ஒரே கருவியை வாசிப்போரும் ஒன்றையே வாசிப்பதில்லை. கிளாரினெற்காரர் முதலாம், இரண்டாம், மூன்றாம் பகுதியினர் எனப் பிரிக்கப்படுவர். மெட்டு பெரும்பாலும் முதலாம் பகுதிக்கே கிடைக்கும். மற்றையோர்க்குக் கிடைப்பதை வீட்டிலிருந்து கேட்பவர், பாட்டு இன்னதென அடையாளங்காணவும் மாட்டார்.

மக்கள் விரும்பும் பாட்டுகளை இத்தகைய குழுக்கள் வாசிப்பது புதிதன்று. ஒலித்தட்டு வீடுதோறும் பரவுமுன், புதுப் பாட்டொன்று ஊராரின் காதை எட்டிய வழிகளுள் பாண்டும் ஒன்றாக இருந்தது. அமெரிக்கரான ஜோன் பிலிப் சூசா 1892இல் தமக்கெனத் தனிக் குழுவொன்றை அமைத்து, 1931 வரை அதனை நடத்தினார். 1911இல் அக்குழு அவுஸ்திரேலியாவுக்கும் வந்து வாசித்தது. அணிநடைப் பாடல்களுக்கே அவர் பெயர் பெற்றவராயினும், மேடையில் அக்காலத்து மக்கட் பாட்டுகளையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். யப்பானில் 1972ஆம் ஆண்டு ‘நியூ சவுண்ட்ஸ் இன் பிராஸ்’ என்னும் தொடர் தொடங்கிற்று. இவாய் நவோஹிரோ என்பவர் அதில் முதன்மையான பங்கு வகித்தார். பொப் பாட்டுகளைப் பாடசாலைக் குழுக்களும் வாசிக்கத்தக்கவாறு சீரிய முறையில் எழுதலாம் என்பதை அத்தொடர் ஒரு நாடு முழுவதற்கும் காட்டிற்று. இன்று வெளிவரும் இசைத்தாள்கள் எளியதிலிருந்து கடினமானது வரை படிநிலை குறிக்கப்பட்டே வருகின்றன. ஆசிரியர் தம் குழுவின் தரத்துக்கேற்பத் தெரிந்தெடுக்கின்றார்.

மாற்றி எழுதுபவரின் முதல் வேலை சுருதியைத் தீர்மானிப்பது. இது சிறிய காரியமன்று. கிற்றார்க்காரருக்கு ஈ, ஏ, டி, ஜி ஆகிய சுருதிகள் கைக்கு இலகுவானவை. அக்கருவியின் திறந்த தந்திகள் அவ்வாறு அமைந்துள்ளன. எமது கணக்கில் இவை முறையே மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து கட்டைகளாகும். பாண்டுக்கோ ஆறரைக் கட்டை, இரண்டரைக் கட்டை, நான்கு கட்டை என்பனவே இயல்பானவை. மேலைத்தேயப் பெயரிற் கூறின், பி-ஃபிளாற், ஈ-ஃபிளாற், எஃப். பித்தளைக் கருவிகளுட் பல, வால்வு எதையும் அமுக்காமல் ஊதினால் பி-ஃபிளாற்றைச் சார்ந்த சுரங்களையே தருமாறு குழலின் நீளம் அளந்து செய்யப்பட்டவை.

இதனோடு இன்னொரு சிக்கலும் உண்டு. தாளில் ‘சி’ என எழுதப்பட்டதைப் புல்லாங்குழல் ஊதினால் சி ஒலிக்கும். கிளாரினெற் ஊதினால் பி-ஃபிளாற் ஒலிக்கும். அல்ற்றோ சக்சபோன் ஊதினால் ஈ-ஃபிளாற்றும், ஹோர்ன் ஊதினால் எஃப்பும் ஒலிக்கும். ஒருவர் ஒரு கட்டையிலும், அருகிலிருப்பவர் ஆறரைக் கட்டையிலும் நின்று இருவரும் ‘ஸ’ என்றே பாடுவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பெயர் ஒன்று, ஒலி வேறு. வீட்டிலுள்ள கீபோட்டில் ‘சி’யை அமுக்கிப் பார்த்துவிட்டு, கிளாரினெற் ஊதும் பிள்ளையைப் பிழை என அதட்டும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

ஓர் உதாரணம் பார்ப்போம். அபா குழுவினரின் ‘டான்சிங் குயீன்’ 1976இல் வெளிவந்தது. அதன் சுருதி ஏ, அதாவது ஆறு கட்டை. அதனை அப்படியே பாண்டுக்குக் கொடுத்தால், கிளாரினெற் வாசிப்பவர் ஐந்து ‘ஷார்ப்’ குறிகளோடும், அல்ற்றோ சக்சபோன் வாசிப்பவர் ஆறு குறிகளோடும், ஹோர்ன் வாசிப்பவர் நான்கு குறிகளோடும் போராட வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை. அரைக் கட்டை உயர்த்தி ஆறரையில் வைத்தாலோ, கிளாரினெற்றுக்கு ஒரு குறியும் இல்லை; சக்சபோனுக்கு ஒரேயொரு ஷார்ப்; ஹோர்னுக்கு ஒரேயொரு ஃபிளாற். கேட்போரிற் பெரும்பாலோர் அந்த அரைக் கட்டை வேறுபாட்டை உணரப்போவதில்லை. ஊதுபவருக்கோ மலையும் மேடும் போன்ற வேறுபாடு.

சுருதியை மாற்றலாம், சொல்லை என் செய்வது? பாண்டிற் சொல் இல்லை. இழப்புகளிற் பெரியது இதுவே என்பது எமது கருத்து. பாட்டிலே முதலாம் அடியும் இரண்டாம் அடியும் ஒரே மெட்டில் வந்தாலும் கேட்பவருக்குச் சலிப்பதில்லை, கதை நகர்கின்றதல்லவா? சொல்லை நீக்கியதும், முன்பு கேட்டதையே மீண்டும் கேட்கின்றோம். எனவே எழுதுபவர் கதையை நிறத்தால் நகர்த்த வேண்டியவராகின்றார். முதலாம் அடியைக் கிளாரினெற்றின் தாழ்ந்த குரலுக்குக் கொடுப்பார். இரண்டாம் அடியில் அது சக்சபோனுக்கும் ஹோர்னுக்கும் மாறும். மேலே புல்லாங்குழல்கள் வேறொரு சிறு மெட்டை இழையவிடும். மூன்றாவதில் ட்ரம்பெற்றுகள் எழும்பும். பாடகர் மூச்சு விடுமிடத்தைச் சொற்றொடர் காட்டும். பாண்டில் அது இல்லாமையால், மூச்சு விடுமிடத்தைப் பிள்ளைகள் பென்சிலாற் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பகுதியை நால்வர் வாசித்தால், ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றையோர் தொடர வேண்டும். இல்லாவிடின் நடுவே பாட்டு அறுந்துவிடும்.

எல்லாத் தாள்களும் இவ்வளவு அக்கறையோடு எழுதப்படுவன என்று நாம் கூறவில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை மெட்டை ட்ரம்பெற்றிடமே கொடுத்துவிட்டு, மற்றையோரை நீண்ட சுரங்களோடு உட்கார வைத்துவிடும் தாள்களும் கடைகளில் உண்டு. பாட்டின் பெயரைக் கண்டு வாங்கப்படுபவை அவை. பிள்ளைகள் இரண்டாம் கிழமையே அவற்றிற் சலித்துப்போவதிற் பிள்ளைகளின் குற்றம் எதுவுமில்லை.

இனி ஒரு பாட்டைச் சற்று விரிவாக நோக்குவோம். பீற்றில்ஸ் குழுவினர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹே ஜூட்’ ஏழு நிமிடங்களுக்குச் சற்று அதிகமானது. அக்காலத்தில் வானொலியில் ஒலித்த பாட்டுகளிற் பல மூன்று நிமிடத்துள் முடிந்தவை என்பதை நினைக்க, இந்நீளம் வியப்புக்குரியது. தனிக் குரலும் பியானோவுமாகத் தொடங்கி, கிற்றாரும் ட்ரம்மும் ஒவ்வொன்றாக வந்து சேரும். அதன் பிற்பாதி, ஏறத்தாழ நான்கு நிமிடம், நான்கு அளவைகள் கொண்ட ஒரே தொடரைத் திரும்பத் திரும்பப் பாடுவதேயாகும். இப்பகுதிக்கென 36 வாத்தியக்காரர் அழைக்கப்பட்டு இலண்டனில் ஒலிப்பதிவு நடைபெற்றது. ட்ரம்பெற், ட்ரொம்போன், ஹோர்ன், கிளாரினெற் ஆகியனவும் அவர்களிடம் இருந்தன. ஆகையால் இப்பாட்டுப் பாண்டுக்கு வருவது அந்நிய வீட்டுக்குப் போவதன்று. சுருதியும் எஃப், நான்கு கட்டை.

எமது தமிழ்ப் பாடசாலைக்கு வரும் ஒரு மாணவன், தன் பகற் பாடசாலைப் பாண்டில் ரியூபா வாசிப்பவன். அவனுடைய தாயார் ஒரு சனிக்கிழமை எம்மிடம் வந்து முறையிட்டார்: “ரீச்சர், இவன் ரெண்டு மாதமா உந்தப் பெரிய குழலை வச்சுக்கொண்டு பூம் பூம் எண்டு ஊதுறான். பாட்டு எங்கையடா எண்டு கேட்டா, ‘அம்மா, எனக்குப் பாட்டு இல்லை’ எண்டு சொல்லுறான். பாட்டே இல்லாத ஒண்டுக்கு நான் விடிய ஏழு மணிக்கு இவனைக் கொண்டுபோய் விடவேணுமோ?” மகனும் அருகில் நின்றான். பாண்டிலிருந்து விலகிவிடுவதாக அவன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான் என்பதும், அடுத்த தவணைக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியிருந்தது என்பதும் பின்னரே தெரியவந்தன.

அவன் ஊதிக்கொண்டிருந்தது இப்பாட்டின் பிற்பாதியே. அந்நான்கு அளவைகளில் அவனுக்கு நான்கு சுரங்கள்: எஃப், ஈ-ஃபிளாற், பி-ஃபிளாற், மீண்டும் எஃப். உண்மையில் மூன்றே சுரங்கள். நான்கு கட்டையை ‘ஸ’ எனக் கொண்டால், ஸ – நி – ம – ஸ. இவற்றுள் நி கைசிகி நிஷாதம். ம சுத்த மத்திமம். பி-ஃபிளாற் ரியூபாவில் எஃப் ஊத வால்வு எதையும் அமுக்க வேண்டியதில்லை. ஈ-ஃபிளாற்றுக்கு முதலாம் வால்வு மட்டும். பின் அதனையும் விட்டுவிட்டு உதட்டைத் தளர்த்தினால் தாழ்ந்த பி-ஃபிளாற். ஆக ஒரு விரலுக்கே வேலை. எஞ்சியவை யாவும் உதடும் மூச்சும் செய்ய வேண்டியவை.

இவ்வளவு எளியதை வாசிக்க ஒரு பிள்ளை எதற்கு எனக் கேட்கலாம். இப்பாட்டின் முற்பகுதி பெரும்பாலும் எமது காதுக்குச் சங்கராபரணச் சாயலாகவே படும். சங்கராபரணத்துக்குரியது காகலி நிஷாதம். பிற்பாதியின் இரண்டாம் அளவையிற் கைசிகி நிஷாதம் அடியிலிருந்து எழுந்ததும், நிறம் ஹரிகாம்போதியின் பக்கம் சாய்ந்துவிடுகின்றது. அக்கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும் அப்பகுதியின் விரிவும் ஆறுதலும் அந்தச் சாய்வினால் வருபவை. அந்தச் சுரத்தை அடித்தளமாக நின்று தருபவன் ரியூபாக்காரன். எஃப் சுருதியின் குறியில் பி மட்டுமே ஃபிளாற். ஈ இயல்பாகவே நிற்கும். ஆகவே ஈ-ஃபிளாற்றுக்கெனத் தனிக் குறி அச்சுரத்தின் முன்னே இடப்பட்டிருக்கும். அதைக் கவனியாது இரண்டாம் வால்வை அமுக்கி வெறும் ஈ ஊதினானேயாயின், மேலே நாற்பது பேர் சரியாக ஊதினாலும் மண்டபம் முழுவதும் கரகரக்கும். முதலாம் புல்லாங்குழல் ஒரு சுரம் பிழைத்தால் அடுத்திருப்பவர் மூடிவிடுவார். பல பாடசாலைப் பாண்டுகளில் ரியூபா ஒன்றே. அதற்கு அடுத்திருப்பவர் எவருமில்லை.

இதனைச் சொல்லால் விளக்குவதைவிட, வீட்டிற் செய்து பார்க்குமாறு கூறி அனுப்பினோம். அவ்வீட்டில் அம்மப்பா இருந்தார். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் இப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். பேரன் ஊத, அவர் பிற்பாதியை முணுமுணுத்தாராம். முதற்றடவை இருவரும் ஒருவரையொருவர் விட்டு ஓடினர். இரண்டாந் தடவை அவர் நிறுத்தி, “தம்பி, அந்த ரெண்டாவது நோட்டை இன்னொருக்கா ஊது, அதிலைதான் பாட்டு மாறுது” என்றாராம். இசை படியாத ஒருவர் அவ்விடத்தைச் சரியாகப் பிடித்தது எமக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. அடுத்த தவணைக்கான கட்டணம் கட்டப்பட்டது.

ஒலித்தட்டிலே இப்பாட்டு முடிவதில்லை. ஒலி மெல்ல மெல்லக் குறைந்து மறைகின்றது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பொறியைத் திருப்பிச் செய்யத்தக்க வேலை அது. மேடையில் அறுபது பேர் இருந்து அதனைச் செய்ய முயன்றால் கேலிக்கிடமாகிவிடும். ஆதலின் மாற்றி எழுதுபவர் மூலப் பாட்டில் இல்லாத ஒரு முடிவைத் தாமே ஆக்க வேண்டும். எத்தனை தடவை திருப்புவது, எங்கே உச்சம், எங்கே நிறுத்தம் என்பனவும் அவரது தீர்மானங்களே. பிள்ளைகள் அடுத்த முறை பயிற்சிக்குச் செல்லும்போது தாளின் இறுதிப் பன்னிரண்டு அளவைகளை ஒலித்தட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எழுதியவரின் கை அங்குதான் வெளிப்படையாகத் தெரியும்.

எமது பெற்றோரின் காது மெட்டை மட்டும் தேடுவது ஏன்? அது குறையன்று, பழக்கம். எமது சங்கீதம் ஒற்றை வழியிற் செல்வது. ஒருவர் பாட, வயலின் அதனையே பின்தொடர, தம்புரா சுருதி கொடுக்கும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் மெட்டு வாசிப்பதில்லை. ஆயினும் அவர் ஸ்தானம் மாறுவதுமில்லை. ரியூபா ஒத்துப் போல அடியில் நிற்பது. ஆனால் நடந்துகொண்டே நிற்பது. அப்படியொன்று எமது மரபில் இல்லாமையால் அதற்குக் காது கொடுக்க நாம் பழகவில்லை.

இதற்கு வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில், கோட்டையிலிருந்த ஆங்கிலக் கும்பினியாரின் பாண்ட் இசை அவர் செவிக்கு எட்டிற்று. அம்மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்திற் சாகித்தியம் அமைத்தார். ‘நோட்டு சுர சாகித்தியம்’ என வழங்கும் இவை ஏறத்தாழ நாற்பது; சங்கராபரணத்தில் அமைந்தவை. இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் எமது பிள்ளைகள் சங்கீத வகுப்பின் தொடக்கத்திற் பாடுவதற்கும் இவை உதவின. இங்கு நாம் கவனிக்க வேண்டியது, அம்மாமேதை எதை எடுத்தார், எதை விட்டார் என்பதே. மெட்டை எடுத்தார். அதன் அடியில் ஓடிய பிற குழல்களின் ஒலியை விட்டுவிட்டார். எமது இசைக்கு அது வேண்டியிருக்கவில்லை. பாண்டில் இருக்கும் எமது பிள்ளையோ, அன்று விடப்பட்ட அந்தப் பகுதியையே பெரும்பாலும் வாசிக்கின்றான்.

தாளத்தில் மட்டும் எமது பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. பொப் பாட்டின் மெட்டு அடியின் மேல் நேராக விழுவது குறைவு. அரை அடி முந்தியோ பிந்தியோ விழும். எமது இசையில் எடுப்பு வகைகளைக் கற்றவர்க்கு இது புதிதன்று: தாளம் தொடங்குமுன் பாட்டுத் தொடங்குவது அதீதம், தாளம் தொடங்கியபின் தொடங்குவது அநாகதம். பாடும்போது எவரும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. அதனையே இசைக்குறியீட்டில் எழுதியதும், வளைகோடுகளும் துண்டு சுரங்களுமாகத் தாள் அச்சுறுத்தும். வாயாற் பிழையின்றிப் பாடும் பிள்ளை, அதே வரியை ஊதும்போது எல்லாவற்றையும் அடியின் மேல் நேராக்கிவிடும். பாட்டு அப்போது பாலர் வகுப்புப் பாட்டுப் போலாகிவிடும்.

ஸ்டீவி வொண்டர் 1976இல் வெளியிட்ட ‘சேர் டியூக்’ இதற்கு உரைகல். 1974இல் மறைந்த டியூக் எலிங்ரனுக்கு வணக்கமாக அமைந்த பாட்டு அது. ட்ரம்பெற்றும் சக்சபோனும் சேர்ந்தே அதனைத் தொடக்கி வைக்கின்றன. நடுவே எல்லாக் கருவிகளும் ஒரே வரியை ஒன்றாக வாசிக்கும் நீண்ட ஓட்டம் ஒன்று வருகின்றது. அங்கு இணைசுரம் இல்லை, மறைந்துகொள்ள இடமில்லை. ஒருவர் அரை அடி பிந்தினாலும் தெரியும். மூலச் சுருதி பி, அதாவது ஏழு கட்டை. பாண்டிலே அதனை அரைக் கட்டை இறக்கி வாசிப்பது இலகு. மூலத்தில் அவ்வோட்டத்தை விரைந்து செல்லும் விரல்களும் வால்வுகளும் வாசித்தன. இழுகுழல் கொண்ட ட்ரொம்போனிடம் அதனைக் கொடுப்பது சற்றுக் கொடுமைதான்.

இத்தகைய இடங்களை மிருதங்க வகுப்பிற் கற்ற முறையாலே பழகலாம். ஓர் அடிக்கு ‘தக’ எனக் கொண்டு, ‘தக தக தக தக’ என்று நான்கு அடிகளைச் சொல்லுக. ‘த’ வருமிடத்திற் கையைத் தட்டுக. பின்பு ‘த’வை மனத்துள் வைத்து, ‘க’வை மட்டும் வாய்விட்டுச் சொல்லுக. இது நிலைத்தபின், ஒருவர் ‘த’வுக்குக் கை தட்ட, பிள்ளை ‘க’வில் மட்டும் ஒரே சுரத்தை ஊதலாம். கை தட்டுபவர் அவசரப்படாதிருப்பதே இதில் முக்கியம். அதன் பின்னரே தாளைத் திறக்க வேண்டும்.

வீட்டுப் பயிற்சியில் வேறொரு பொறியும் உண்டு. பிள்ளை மூலப் பாட்டை இயக்கிவிட்டு அதனோடு சேர்ந்து ஊத முயல்வது இயல்பு. ‘ஹே ஜூட்’டை எஃப் சுருதியிலேயே எழுதிய தாளாயின் பொருந்தும். ‘டான்சிங் குயீன்’ ஆறரைக் கட்டையில் எழுதப்பட்டிருந்தால், ஆறு கட்டையில் உள்ள ஒலிப்பதிவோடு எந்தச் சுரமும் பொருந்தாது. தான் பிழை எனப் பிள்ளை எண்ணும். பெற்றோரும் அப்படியே எண்ணுவர். முதலில் இரண்டின் சுருதியையும் ஒப்பிட்டறிய வேண்டும். மாறுபட்டால், ஒலிப்பதிவைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஊதும்போது நிறுத்திவிடுதல் நலம். தாளைத் தொலைத்த நண்பனுக்குப் படியெடுத்துக் கொடுக்குமுன்னும் பாண்ட் ஆசிரியரைக் கேட்க வேண்டும். மாற்றி எழுதுவதற்கே பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி பெற்றாக வேண்டும். பாடசாலை அத்தாள்களைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கின்றது.

கச்சேரியன்று பெற்றோரிற் பலர் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்புகின்றனர். அதிற் புல்லாங்குழலும் ட்ரம்பெற்றும் தெளிவாகக் கேட்கும். ரியூபா வாசிக்கும் அந்த மூன்று சுரங்களின் அதிர்வெண் செக்கனுக்கு ஏறத்தாழ 87, 78, 58. அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் ஒழுங்காகத் தர இயலாது. பிள்ளை கன்னம் புடைக்க ஊதுவது தெரியும். ஒலி பாதியும் வராது. மண்டபத்தில் இருக்கும்போதே காதாற் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலுள்ளவர்கள் நல்ல காதொலிப்பானை அணிந்து கேட்டால் ஓரளவு கிடைக்கும்.